மழைக்கு முன் ஒரு புல்தரை

புரட்டாசி பிறந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பேன். மேற்கே ஒன்றும் இல்லை என்றால் கடல் பக்கம் பார்ப்பேன். கைப்பேசியில் வானிலை சொல்கிறவர் 'வங்கக் கடலில்' என்று ஆரம்பித்தாலே கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். மழை வேண்டும், மழை வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். இந்த ஒரு வருஷம்தான், கொஞ்சம் தள்ளி வந்தால் தேவலை என்று நினைத்தேன். காரணம், வீட்டு முன்னால் இருக்கிற புல்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் மீட்டர் ரீடிங் எழுதுகிற ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவுடன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் புல்தரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சரப்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் பத்து வயதிலிருந்து களை பறித்த கை இது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே வேலைதான். சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து, "புல்லு நடலாம்மே" என்றால்?

"ஊரு புல்லையெல்லாம் புடுங்கிட்டு வந்துகீறேன். இப்ப வூட்டுக்குள்ள நட்டு வெச்சி அதுக்குத் தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்டேன்.

"நீ புடுங்கனதுல்லாம் வேற ஜாதி புல்லு. இது மெக்சிகன்" என்றார்.

"ஓ, பாஸ்போர்ட் எடுத்துகினு வந்துதா?"

அவர் நினைத்ததைச் செய்துவிடுகிறவர். பள்ளத்தை மேடாக்க ஏரி மண் அடித்து, மேலே புல்லை ஒட்டிவிட்டார்கள். இருபது அடிக்குப் பதினைந்து. நான் அதை ஒரு வருஷம் கண்டுகொள்ளவே இல்லை. துணி காயப்போடப் போகும்போது மிதித்துக்கொண்டு போவேன், அவ்வளவுதான்.

பிறகு சித்திரையில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் சரியாகிவிட்டது, கை பாதி வந்தது, கால்தான் பிடிவாதம் பிடித்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண் முதல் வாரமே டைல்ஸ் தரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். செருப்பைக் கழற்றி அவரைப் புல்லில் இறக்கிவிட்டாள். "டைல்ஸ்ல பாதம் சும்மா வழுக்கிட்டுப் போயிடும்மா. புல்லுலதான் எங்க வெக்கலாம்னு தேடும். தேடினாதான் மூளைக்குச் சேதி போகும்" என்றாள். எனக்கு அவள் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவர் புல்லில் நடந்தார். வலது கையில் ஊன்றுகோல், இடது பக்கம் நான். வெளியே தெருவில் நடக்க முடியாது. பைக்கும் நாயும் அங்கே போட்டி போட்டுக்கொண்டு ஓடும். அந்தப் பெண் ஆவணியில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள்: "பொங்கல் வரைக்கும் ஒரு நாள் விடாம நடந்தார்னா கோலை விட்டுடலாம். பத்து நாள் படுத்தார்னா மறுபடி முதல்லேர்ந்துதான்."

பொங்கல் வரைக்கும் என்றால் நடுவில் என்ன இருக்கிறது? ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கிறது. அடைமழை, அதற்குப் பின்னால் மார்கழிப் பனி. போன வருஷம் மழையில் அந்தப் புல் வட்டம் வட்டமாக அழுகி, தை மாதம்தான் மீண்டது. போன வருஷம் அதைப் பற்றி யார் கவலைப்பட்டது? இந்த வருஷம் அந்தப் புல் அழுகினால் அவர் காலும் அழுகின மாதிரிதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. புல் போட்டுக் கொடுத்த நர்சரிக்காரத் தம்பிக்கு போன் போட்டேன். திருவிடந்தைக்காரர், முப்பது வயதிருக்கும், வாயைத் திறந்தால் உவமைதான்.

"அக்கா, மழைக்கு முன்னாடி மொட்டை அடிச்சிடாதீங்க. ரெண்டு விரல் உசரம் இருக்கட்டும். யூரியா கிட்டயே போவாதீங்க, இப்ப தீனி போட்டா கொழுத்து, மழையில சளி புடிச்சுக்கும். கடப்பாரையால ஜாணுக்கு ஒரு ஓட்டை போட்டு மணல் தூவுங்க, மண்ணு மூச்சு விடும். எல்லாத்தையும் விட முக்கியம், தண்ணி நிக்கக் கூடாது. புல்லு கால நனைச்சுக்கும்க்கா, கழுத்து வரைக்கும் நின்னா செத்துடும்."

இத்தனையும் நானே செய்தேன். ஆள் வைக்க மனசு வரவில்லை; யாரிடம் விட்டாலும் சரியாகச் செய்யமாட்டார்கள் என்று ஒரு பதைப்பு. இரண்டு விரல் வைத்து வைத்துப் பார்த்து வெட்டினேன். கடப்பாரையைத் தூக்கித் தூக்கிக் குத்தினதில் தோள்பட்டை வீங்கிவிட்டது. சுவரோரத்தில் ஆரம்பித்த இடத்தில் நெருக்க நெருக்கமாகக் குத்தினேன். வாசல் பக்கம் வருவதற்குள் தெம்பு போய், முழத்துக்கு ஒன்று, இரண்டு முழத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு பாதாம் மரம் சிவப்பு சிவப்பாக இலையைக் கொட்டும், அதைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் கூட்டினேன். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

"இன்னாமே, இன்னிக்கு ரீடிங் இன்னா?"

"இன்னா ரீடிங்?"

"எத்தினி ஓட்டை போட்ட, எத்தினி பாக்கி? எழுதி வெக்கணும்மே. அடுத்த ஷிப்டுக்காரன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

"அடுத்த ஷிப்டும் நான்தான். கம்முனு உக்காருங்க."

கிழக்குச் சுவரின் மூலையில், தாழ்வான காலி மனைப் பக்கம், தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை உண்டு. பாம்புக்குப் பயந்து அதில் செங்கல்லைச் செருகி வைத்திருந்தோம். செங்கல்லை எடுத்துவிட்டு, கம்பி வலை அடித்து, அங்கே சரிவாக மண்ணை இழுத்துவிட்டேன். மகள் கனடாவில் இருக்கிறாள்; அந்தச் சமயம் போனில் அவள் வீட்டு வாசலைக் காட்டினாள். மருமகன் இலை வாரிக்கொண்டிருந்தார். பனி விழுவதற்கு முன்னால் அங்கேயும் புல்லுக்கு இதே சிசுருஷைதானாம். "இங்க புல்லு தூங்கப் போகுதும்மா. ஏப்ரல்ல எழுந்துக்கும்" என்றாள். கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது! தூங்குகிற புல் வாங்கியிருக்கலாம். இங்கே உள்ளது தூங்கக் கூடாதே, இரண்டு மாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமே.

ஐப்பசி இரண்டாவது வாரம், விடிகாலையில் ஸ்கூட்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகையின் மேல் கொட்டு கொட்டென்று மழை. தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படிக்கு அடியிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மூலைக்கு ஓடினேன். தண்ணீர் செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு இருந்தது. நாலு வெட்டு வெட்டினேன், குதிகாலால் மிதித்துச் சரிசெய்தேன். தலையிலிருந்து கால் வரை நனைந்து உள்ளே வந்து, டீ போட்டு, ஜன்னல் ஓரம் நின்று குடித்தேன். ஒரு மாதமாக இல்லாத நிம்மதி. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று ஒரு திருப்தி வருமே, அது.

மழை மூன்று நாள் விடவில்லை. தெருவே குளமாகிவிட்டது. சிமெண்டு ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டது. யார் வீட்டில்தான் தண்ணீர் நிற்கவில்லை? புல் முழுக்க மூழ்கி, மேலே பாதாம் இலைகள் படகு விட்ட மாதிரி மிதந்தன. அவர் கூடத்தில் மூன்று நாளும் சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்து பார்த்தார். டைல்ஸில் இடது கால் விறைத்துக்கொண்டு இழுபட்டது. மூன்றாம் நாள் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, விழவில்லை. பிறகு படுத்துவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் வெயில் வந்தது. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. எதிர் வீட்டில் வடிந்துவிட்டது. எங்கள் வாசலில் மட்டும் கணுக்கால் அளவு அப்படியே. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் நான் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம், வீட்டுக்காரர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை.

"யக்கா, இன்னும் தண்ணி போகலியா ஒங்க வீட்ல?"

"போவலையேம்மா. எல்லார் வூட்லயும் போயிடுச்சி."

"எப்படிப் போகும்? நீங்கதான அன்னைக்கு வெள்ளன மண்ண அள்ளி அந்த ஓட்டைய அடைச்சிய? நல்லா மிதிச்சு வேற விட்டிய. பாம்பு கீம்பு பாத்துட்டியளோன்னு நான் நெனச்சேன்."

திரும்பி மூலையைப் பார்த்தேன்.

அடைத்திருக்கிறேன். ஆமாம். நாலு வெட்டு வெட்டியது அதற்குத்தான். குதிகாலால் மிதித்தது அதற்குத்தான். வயலில் முதல் மழை பெய்தால் என்ன செய்வோம்? விடியலில் எழுப்பிவிடுவார்கள், 'ஓடு, மடையை அடை, சொட்டு வெளியே போகக் கூடாது' என்று. யார் முதலில் ஓடி அடைக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு நல்ல பெயர். ஓடுகிற தண்ணீரைப் பார்த்த கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஒரு மாதமாக மூளைக்கு ஏற்றிய பாடம் மூளையிலேயே இருந்துவிட்டது, கைக்கு இறங்கவே இல்லை. இவருடைய காலுக்குச் சேதி போகவில்லை என்று கவலைப்பட்டவள் நான்!

அவசர அவசரமாக ஓடிப்போய் அடைப்பை வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது. அவர் எழுந்து வந்தபோது வடிந்துகொண்டிருந்தது. "அப்பாடா, போவுதா?" என்றார். "போவுது" என்றேன். மண்வெட்டியைப் படிக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகினேன்.

நாலைந்து நாளில் புல் மஞ்சளாகி, பிறகு நனைந்த சாக்கு நிறமாகிவிட்டது. மிதித்தால் பொதபொதவென்று உள்ளே போனது. அவரை அதில் இறக்க முடியாது. அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. போனை எடுத்து நர்சரிக்காரத் தம்பியைப் பிடித்தார்.

"இன்னாப்பா புல்லு குடுத்த நீ? மூணு நாள் மழைக்குத் தாங்கலையே! சொன்னதெல்லாம் செஞ்சா எம் பொண்டாட்டி, தோளே போச்சி அவளுக்கு. அழுவுன சரக்க தலையில கட்டிட்டியா?"

நான் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்ச் சொல்ல ஐந்து நொடி போதும். போகவில்லை. இன்னொரு வெங்காயத்தை உரித்தேன். அதற்கு அடுத்த இரண்டு நாளும் அவர் அந்தத் தம்பியைத் திட்டத் திட்ட, நான் பாத்திரத்தை இரண்டு தரம் கழுவினேன்.

மூன்றாம் நாள் தம்பி தூறலில் நனைந்துகொண்டே பைக்கில் வந்துவிட்டார். ரெயின்கோட்டோடு புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பிடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தார். பிறகு மூலைக்குப் போனார். ஓட்டை திறந்துதான் இருந்தது. ஆனால் பக்கத்தில், நான் வெட்டிப் போட்ட மண்கட்டிகள் இறுகி, மண்வெட்டி பட்ட முகம் வழுவழுவென்று தெரிய, அடுக்கின மாதிரி கிடந்தன. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரும் விவசாய வேலை தெரிந்த வீட்டுப் பிள்ளைதான். புரிந்துவிட்டது.

"இன்னா சொல்ற?" என்று வராந்தாவிலிருந்து இவர் சத்தம் போட்டார்.

தம்பி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல சார். ஏரி மண்ணு, தண்ணி பிடிச்சுக்கிச்சு. பொங்கல் கழிஞ்சு நானே வேற புல்லு கொண்டாந்து போட்டுத் தரேன் சார். எம் பொறுப்பு."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினாலாவது தாங்கலாம்.

"அவரு மேல தப்பு இல்லீங்க" என்றேன். "நான்தான் அடைச்சேன். மழையைப் பாத்ததும் ஓடி மடையை அடைச்சிட்டேன். மூணு நாள் அடைச்சே கெடந்துது."

இவர் கோலை ஊன்றி நாற்காலியில் நிமிர்ந்தார். "தொறந்து வெக்கணும்னு ஊருக்கே பாடம் எடுத்தது நீதானேமே?" என்றார்.

"கை போயிடுச்சிங்க. வயக்காட்டு கை."

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா நான் அந்தப் புள்ளைய திட்டிகினு கீறேன், நீ கேட்டுகினு கீற." ஊன்றுகோலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "தப்பு பண்றது பெருசு இல்லமே. எங்க ஷிப்ட்ல யார்தான் பண்ணல? பண்ண உடனே எழுதி வெக்கணும். லேட் என்ட்ரி போட்டா அத்த மன்னிக்கவே மாட்டாங்க." பிறகு தம்பியைப் பார்த்துக் குரலை இறக்கினார். "மேல வாப்பா. டீ குடிச்சிட்டுப் போவ. நைனா, கோச்சுக்காத."

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்" என்றார் தம்பி. டீயைக் குடித்துக்கொண்டே சுவரோரத்தைக் காட்டினார். அங்கே மட்டும் பச்சையாக இருந்தது. நான் தெம்போடு கடப்பாரை போட்ட இடம். மூன்றடி அகலம், சுவர் நீளத்துக்கு ஒரு கீற்று. "அந்த மூணடிதான் உசுரோட இருக்கு. அத்த யாரும் மிதிக்காம பாத்துக்கங்க அக்கா. கயிறு கட்டிடுங்க. தையில அதுலேர்ந்தே மத்த இடத்துக்கு ஓடி வந்துடும். வேற புல்லே வேணாம். மிதிச்சீங்க, அதுவும் போயிடும்."

தம்பி போன பிறகு நான் கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு சுவரோரத்துக்குப் போனேன். நாலு குச்சி நட்டேன். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றும்போது திரும்பிப் பார்த்தேன். இவர் நாற்காலியில் இடது காலை வலது கையால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சோற்றுத் தூக்கு மாதிரி, சாமான் மாதிரி. புல்லில் இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.

புல் எதற்கு? நான் தோள் வீங்கக் குத்தியது எதற்கு? தையில் பச்சையாக ஒரு புல்தரை இருந்து, அதைப் பார்த்துக்கொண்டு இவர் நாற்காலியில் இருந்தால்?

கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். "எழுந்திருங்க" என்றேன்.

"எங்க?"

"நடக்கறதுக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏமே, மிதிக்கக் கூடாதுன்னு இப்பதானே சொல்லிட்டுப் போறான்? இருக்கிறதே அத்தான். புல்லு போயிடும்மே." அவர் ஆசையாய்க் கேட்டு வாங்கியது அது.

"போவட்டும். எழுந்திருங்க."

மூன்றடி அகலத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவரைப் பச்சையில் விட்டு, நான் சேற்றில் இறங்கிப் பக்கத்தில் நடந்தேன். பத்து நாள் விட்ட கால், முதல் அடிக்கே நடுங்கியது. ஒரு கை சுவரில், ஒரு கை கோலில். சுவர் முடிகிற இடத்தில் திரும்பத்தான் ரொம்பப் பாடு, இடமே இல்லை. நின்று, மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துத் திரும்பினார். வீங்கின தோள். அன்றைக்கு இரண்டு நடைதான். மறுநாள் மூன்று. மழை விட்ட அரைமணி நேரம் கிடைத்தாலும் இறக்கிவிடுவேன். சில நாள் குடை பிடித்துக்கொண்டே. பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து, "கல்யாண ஊர்கோலமாக்கா?" என்பாள். "ஆமாம்மா, மாப்பிள்ளை குதிரை ஏற மாட்டேங்கறாரு" என்பேன்.

கார்த்திகை முடிவதற்குள் அந்தக் கீற்றின் நடுவில் மண் தெரிந்துவிட்டது. மார்கழியில் ஓரத்தில் மட்டும் பச்சை நூல் மாதிரி. அவர் கால் அந்த வழியைப் பழகிவிட்டது. சுவரை விட்டார், பிறகு ஒரு நடைக்கு மட்டும் கோலை விட்டார். எனக்கு மட்டும் அமைதி வரவில்லை. ஒவ்வொரு நடைக்கும் கையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் ஓடினேன். "விமானம் இறங்குதா? கைய மடக்குமே" என்று கத்துவார்.

பொங்கலுக்கு முந்தின நாள் நர்சரிக்காரத் தம்பி போன் செய்தார்.

"அக்கா, அந்த மூணடி எப்படி இருக்கு? ஓட ஆரம்பிச்சிருக்கணுமே."

"அது தேஞ்சு போச்சி தம்பி. நாங்கதான் மிதிச்சிட்டோம்."

"அடடா. இன்னாக்கா நீங்க? கயிறு கட்டச் சொன்னேனே. சரி, சார்கிட்ட குடுங்க, நான் பேசறேன்."

"சார் இல்லியே."

"எங்க போயிட்டாரு?"

"முக்குக் கடைக்கு. கரும்பு பாக்கறேன்னு போனாரு. தனியா."

சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்தபடி கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனவர். பத்து ஆகிவிட்டது. தெருவில் ஒரு பைக் வேகமாக வந்தது. தம்பி மறுமுனையில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை. செருப்பைத் தேடினேன். ஒன்றுதான் அகப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன்.